நாலு மூலைக்கும் மஞ்சள்

பத்துக்கு எத்தனை புள்ளி என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "நான்கு மூலைகளிலும் நிறம் சேர்க்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தத் துண்டுக் காகிதத்தைச் செயலாளர் முப்பது பேருக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "எனக்கு முந்தியே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார்.

முந்தியே என்றால் எப்போதிருந்து? பழைய அட்டை சேர்ப்பவர்களின் அந்தச் சங்கத்தில் நான் சேர்ந்து நான்கு வருடம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தத் தேவாலய மண்டபத்துக்கு எல்லாருக்கும் முதல் போய் மேசை விரித்தவன் நான். கதிரைகளை அடுக்கிவிட்டுக் கடைசியாகப் போனவனும் நான். தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவியிருக்கிறேன். அந்த நான்கு வருடமும் என்னை ஒரு கண் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

பழைய உதைபந்தாட்ட அட்டைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஐம்பதுகளின் கடைசியில், நான் பிறக்க எவ்வளவோ வருடத்துக்கு முதல், இந்த நாட்டுப் பிள்ளைகள் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டை இருக்குமாம். அதைச் சுவரில் எறிந்து விளையாடினார்கள், சைக்கிள் சில்லுக்குள் செருகி டரடரவென்று ஓட்டினார்கள், றப்பர் பாண்ட் போட்டுக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் நசித்தார்கள். அதே பிள்ளைகள் தலை நரைத்த பிறகு அதே அட்டைகளை இடுக்கியால் தூக்குகிறார்கள். தொண்ணூறுகளில் அமெரிக்காவிலிருந்து ஒரு புதுப் பழக்கமும் வந்து சேர்ந்தது. அட்டையை அங்கே அனுப்பினால், அறிந்தவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மூலை கூராக இருக்கிறதா, விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று கணக்கெடுத்து, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, திறக்க ஏலாத தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மூலை தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்தால் புள்ளி குறையும். ஆகவே சிலர் அந்த வெள்ளையில் நிறப் பேனையால் ஒரு தொடுதொட்டு மறைப்பார்கள். பிடிபட்டால் புள்ளியே இல்லை, கோடுதான். "நிறம் சேர்க்கப்பட்டது" என்றால் கௌரவமான ஆங்கிலத்தில் "இதன் சொந்தக்காரன் கள்ளன்" என்று அர்த்தம்.

என் அட்டைக்கு மஞ்சள் நிற விளிம்பு. அறுபது அட்டைகள் கொண்ட தொகுதியில் முதலாவது. முதலாவது அட்டை எப்போதும் கட்டின் மேலே இருப்பதால் றப்பர் பாண்ட் அதைத்தான் அறுக்கும், பொக்கற் அதைத்தான் உரசும். நல்ல நிலையில் முதலாவது அட்டை கிடைப்பது அருமையிலும் அருமை. மற்ற ஐம்பத்தொன்பதையும் நான் பத்து வருடத்துக்கு மேலாகச் சேர்த்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஊரைவிட்டு அம்மாவோடும் அண்ணையோடும் இந்த நாட்டில் வந்திறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பெடியள் பளபளவென்ற புது ஸ்டிக்கர்களை மாற்றிக்கொள்வார்கள். என்னிடம் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் தேவாலயத்துப் பழஞ்சாமான் விற்பனையில், ஒருவரும் திரும்பிப் பாராத பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் பழைய அட்டைகள் கிடந்தன. படங்களை விட எனக்குப் பின்பக்கம் பிடித்தது. நாலைந்து வரி. எங்கே பிறந்தார், உயரம் என்ன, எந்தக் கழகத்திலிருந்து வந்தார், அதற்கு முதல் என்ன வேலை செய்தார். ஒருவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். ஒருவர் செங்கல் அடுக்கியவர். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிகளை வாசித்து வாசித்துத்தான் இந்த நாட்டு மொழி என் வாய்க்குள் வந்தது. எங்கள் அப்பா சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கி அங்கேயே முடிந்துபோனவர். அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். அண்ணை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் முதலில் ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்து முடித்தவன் நான். சுரங்கத் தொழிலாளியின் மகனைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு இந்த நாடு கொஞ்சம் கிட்ட வந்தது போல இருக்கும். அந்த எண்ணத்தை நினைத்தாலும் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

முதலாவது அட்டை கிடைத்ததும் அதைச் சங்கத்தின் மூலம் அமெரிக்காவுக்கு அனுப்புவதாக முடிவு செய்தேன். எல்லாருடைய அட்டைகளையும் செயலாளர் சேர்த்து ஒரே பொதியாக அனுப்புவார். கொடுக்கவேண்டிய சனிக்கிழமைக்கு முதல்நாள் குசினி மேசையில் வைத்துக் கடைசியாக ஒருக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலைகளில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளை. ஆறு புள்ளி கிடைத்தாலே எனக்குப் போதும்.

"என்ன அந்த மட்டையை இந்தப் பார்வை பாக்கிறாய்?" என்று அம்மா கேட்டார்.

விளக்கத் தொடங்கினேன். பூதக்கண்ணாடி, மூலை, விளிம்பு, கூடு. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். விளங்காது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு சுருக்கினேன். "அம்மா, இதுக்கும் ஒரு சோதினை. அமெரிக்காவில நடக்குது. பத்துக்கு எத்தனை புள்ளி எண்டு போடுவினம்."

"அப்ப பாஸ் பண்ணவேணும்."

"ஓம், பாஸ் பண்ணவேணும்."

அவ்வளவுதான் கதை. அடுத்தநாள் காலை நான் குளிக்கப் போனேன். வந்து அட்டை இருந்த உறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மண்டபத்து ரியூப் லைற் வெளிச்சத்தில் அட்டையை எடுத்துக் கொடுக்கும்போது மூலைகள் நான் நினைத்ததை விட நன்றாக இருப்பதாகப் பட்டது. என் கண்தான் அளவுக்கு மிஞ்சிக் குறை பிடித்துவிட்டது என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் வந்தால் மனிதன் கேள்வி கேட்பதில்லை. செயலாளர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியால் பார்த்து, "மூலைகள் நல்லாயிருக்கே" என்றார். அது பாராட்டு என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கோடு வந்தது. செயலாளர் அட்டையையும் துண்டையும் என்னிடம் நீட்டி, அடுத்த கூட்டத்தில் குழுவுக்கு முன்னால் நான் விளக்கம் சொல்லவேண்டும், அதுவரை அட்டை மாற்ற மேசை போடவேண்டாம் என்றார். என் எதிர் மேசைக்காரர், போன மாதம்வரை என்னோடு அட்டை மாற்றியவர், தன் அல்பத்தை மெதுவாக மூடினார். அந்த மூடின சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

பஸ்ஸில் மேல் தட்டில் இருந்தபடி அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சம். அச்சு மஞ்சளுக்கு மேலே வேறொரு மஞ்சள், ஒரு விரல்நுனி அகலத்தில், நான்கு மூலையிலும். அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். என் முதல் கொப்பியிலிருந்து கலியாண அழைப்பிதழ்கள்வரை எல்லாக் காகிதத்தின் மூலையிலும் கண்ட மஞ்சள்.

வீட்டில் அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். அண்ணை பெற்றோல் ஸ்ரேசன் யூனிபோர்மோடு ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த மட்டையில மஞ்சள் பூசினனீங்களோ?"

"பூசேல்லை. தொட்டனான். நாலு மூலைக்கும்."

"ஏன்?"

"ஏனெண்டு கேக்கிறாய்? சோதினைக்குப் போகுதெண்டு நீதானே சொன்னனி. உன்ர ஜிசிஎஸ்ஈ சோதினை அனுமதிச் சீட்டுக்குத் தொட்டனான். ஏ லெவலுக்குத் தொட்டனான். யூனிவேர்சிட்டிக் கடிதத்துக்கும் தொட்டுச் சாமித் தட்டில வைச்சனான். எல்லாம் பாஸ் பண்ணினனிதானே? இந்த மட்டைக்கு மட்டும் என்ன வந்தது?"

அண்ணை ஒரு சப்பாத்தோடு சிரித்தார். "டேய், வெள்ளைக்காரப் பந்தடிகாரனை வயசுக்கு வந்த பெட்டையாக்கி அம்மா சாமத்தியச் சடங்கே செய்துபோட்டா! மண்டபம் எடுக்கேல்லை, அதொண்டுதான் குறை."

"சிரிக்காதேங்கோ அண்ணை. என்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

அண்ணையின் சிரிப்பு நின்றது. "ஆர் சொன்னது?"

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். செயலாளரிடம் சொல்லவேண்டிய, முப்பது பேருக்கு முன்னால் சொல்ல வாய் வராத கோபம் அவ்வளவும் அந்தச் சின்னக் குசினிக்குள் வெளியே வந்தது. "உங்களுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. படிப்பில்லாத சனம் தெரியாத சாமானில ஏன் கை வைக்கிறியள்?"

அம்மா குழாயைத் திறந்து கையில் ஒட்டிய மாவைக் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மா பாதி குழைத்தபடி கிடந்தது.

"சோதினை எண்டு சொன்னது ஆர்?" என்று அண்ணை கேட்டார். "நீ. விளங்கப்படுத்திற கெட்டிக்காரன். சோதினை எண்டு கேட்டால் அவ மஞ்சள் தொடாமல் பெனால்டியே அடிப்பா?"

மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று சொன்னார்: "படிச்சவரே, அந்த மாவை மூடிவையும். காயப் போகுது."

அடுத்த நாலு கிழமையும் அம்மா என்னோடு நேரே கதைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்றுகொண்டே அண்ணையிடம் சொல்வார்: "அவரிட்டச் சொல்லு, சாப்பாடு இருக்கெண்டு." அம்மா என்னை 'அவர்' என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. சோறு மட்டும் தவறாமல் வந்தது, முட்டைப் பொரியலும் வந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நான் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். இதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பதினாலு வயதிலிருந்து எங்கள் சனத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்! பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால் ஒரு கடிதம். திகதி அழிந்திருந்தால் ஒரு கடிதம். அண்ணையோடு குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் எங்கள் காகிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அது அவர்களுடைய வேலை, பார்க்கட்டும். ஆனால் சனிக்கிழமையில், பொழுதுபோக்குக்கு என்று போன இடத்திலும் நான் விளக்கக் கடிதத்தோடு நிற்கவேண்டுமா? மூன்று பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். "பணிவுடன்" என்று நாலு இடத்தில் இருந்தது. கிழித்துப்போட்டேன். வாயால் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள். குழு என்றால் செயலாளரும் இரண்டு பேரும். நான் நின்றுகொண்டு சொன்னேன். எங்கள் வீடுகளில் முக்கியமான காகிதம் எதுவும் வெளியே போகமுதல் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தொடுவது வழக்கம். நான் இதைச் சோதினை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எனக்குத் தெரியாமல் தொட்டார். நானும் சரியாகப் பார்க்காமல் கொண்டுவந்து தந்தேன், அது என் பிழை. ஏமாற்ற நினைக்கவில்லை.

செயலாளரின் முகம் மலர்ந்தது. "மஞ்சளா? கறிக்குப் போடுவார்களே, அந்த மஞ்சளா?"

"ஓம், அதுதான்."

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். அப்படிச் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பூனைக்குட்டி தடுக்கி விழுந்ததைப் பார்த்தது போன்ற சிரிப்பு. "அடுத்தமுறை உப்பும் போடச் சொல்லு" என்றார் ஒருவர். "பத்துக்கு எத்தனை என்று கேட்காதே, எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்று கேள்" என்றார் என் எதிர் மேசைக்காரர். அல்பத்தை மூடியவர். இப்போது என் முதுகில் தட்டினார். உங்கள் அம்மா அருமையான மனுசி என்றார். அவர் என் அம்மாவைக் கண்டதே இல்லை.

"சரி, விசயம் முடிந்தது. உன் மேசையைப் போடு" என்றார் செயலாளர். என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கறையை எடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஒரு திரவத்தில் ஊறவைத்து எடுப்பார், ஒன்றும் தெரியாது. திரும்ப அனுப்பு. ஆறு என்ன, ஏழும் கிடைக்கும்."

"அதுவும் அட்டையில் கை வைப்பதுதானே?"

"இல்லை, இல்லை. அது சுத்தம் பண்ணுவது. எல்லாரும் செய்கிறார்கள்."

எல்லாரும். அவருடைய மேசையில் ஒன்பது புள்ளி வாங்கிய அட்டைகள் கூடுகளுக்குள் வரிசையாக நின்றன. நான் அவற்றைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"நன்றி, வேண்டாம்" என்றேன். "நீங்கள் போன கூட்டத்தில் எனக்கு முந்தியே சந்தேகம் இருந்தது என்று சொன்னீர்கள். அது பிழையான சந்தேகம் என்று கூட்ட அறிக்கையில் எழுதுங்கள்."

"அதை நான் அறிக்கையில் எழுதவே இல்லையே. எழுதாததை எப்படித் திருத்துவது?"

"அப்போ வாயால் சொல்லுங்கள். வாயால்தானே சொன்னீர்கள். அதே ஆட்களுக்கு முன்னால்."

"இதைப் பெரிதாக்காதே" என்றார். "உன்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை."

நான் நின்றேன். சுற்றியிருந்தவர்கள் தங்கள் அட்டைகளைப் புரட்டத் தொடங்கினார்கள். அவர் பேனையை எடுத்து வேறேதோ எழுதத் தொடங்கினார். என் பெயர் கெடவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே அதைச் சுத்தப்படுத்தும் கடமையும் ஒருவருக்கும் இல்லை. கெடுத்தது மட்டும் உண்மை. அங்கத்துவ அட்டையை அவருடைய கொப்பிக்கு மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். "அட, கோபிக்காதே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கோபிக்காமல்? ஏன் கோபிக்கக்கூடாது? ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நானும் மேசை விரித்து, அந்தக் கதையை ஒவ்வொரு புது அங்கத்தவருக்கும் நானே நடித்துக் காட்டவேண்டுமா, அம்மா மஞ்சள் தொட்ட மாதிரி விரலை நீட்டி?

வீட்டுக்கு வர மத்தியானம் தாண்டிவிட்டது. அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் கதிரையை இழுத்து முன்னால் இருந்தேன்.

"அம்மா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை."

வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் நாலு கிழமைக்குப் பிறகு என்னோடு நேரே பேசினார். "எது பிழை? எனக்கு எழுத்துத் தெரியாதுதானே."

"அதைச் சொன்ன விதம் பிழை. சொல்லியிருக்கக்கூடாது."

"ஆருக்கு முன்னால சொன்னனி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அண்ணனுக்கு முன்னால சொன்னனி" என்றார் அம்மா. "நான் பெத்த மூத்த பிள்ளை கேட்டுக்கொண்டு நிண்டவன். இப்ப வந்து குசினிக்குள்ள எனக்கு மட்டும் குசுகுசுக்கிறாய். அவன் வரட்டும்."

வாய்க்குள் நூறு பதில் வந்தது. அண்ணைக்கு அது ஞாபகமே இராது, ஏன் இதைப் பெரிதாக்குகிறீர்கள் என்று சொல்லக் கிட்டத்தட்ட வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். மற்றக் கத்தியை எடுத்து வெங்காயம் உரித்தேன். அண்ணைக்குக் காலை ஷிப்ட். மூன்றரைக்குத்தான் வருவார்.

மூன்றரைக்குக் கதவு திறந்தது. பெற்றோல் மணத்தோடு அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னடா, ரெண்டு பேரும் ஒரே மேசையில? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"அண்ணை, ஒரு விசயம் சொல்லவேணும்."

"பொறு, குளிச்சுப்போட்டு வாறன்."

"குளிக்கிறது பிறகு" என்றார் அம்மா. "நில்லு."

அண்ணை வாசலில் நின்றார். நானும் எழுந்து நின்றேன். மண்டபத்தில் நின்று சொன்னதை விட இது கஷ்டமாக இருந்தது. "அண்டைக்கு அம்மாவைப் படிப்பில்லாத சனம் எண்டு சொன்னனான். உங்களுக்கு முன்னால சொன்னனான். அது பிழை. ஆரோடையோ இருந்த கோபத்தை அம்மாவில தீர்த்தனான். மன்னிக்கவேணும் அம்மா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணையைப் பார்த்தார்.

"கேட்டதோ?"

"ஓம், கேட்டது" என்றார் அண்ணை.